கை பழகாதவள்

நேர்காணலுக்கு இன்னும் இருபத்திரண்டு மணி நேரம் இருந்தபோது சட்டாம்பிள்ளை அவளைச் செல் வளர்க்கும் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினான்.

அந்தப் பெயர் ஆய்வகத்தில் அவன் இல்லாதபோது மட்டும் புழங்குவது. ஆய்வகத் தலைவியான மேடத்திடம் பிஎச்.டி. முடித்துவிட்டு அங்கேயே ஒட்டிக்கொண்டவன். மேடத்துக்கு வலதுகை. மேடத்தின் புதுத் திட்டத்தில் மூன்று வருட உதவித்தொகையோடு ஒரே ஓர் ஆய்வு மாணவர் இடம் இருந்தது. தற்காலிக உதவியாளராக எட்டு மாதமாகக் குப்பி கழுவிக்கொண்டிருந்த அவளும் அதற்கு விண்ணப்பித்திருந்தாள்.

"நம்ம மருந்து எனக்கு வேலை செஞ்சுது, உனக்கு ஏன் செய்யலன்னு நாளைக்குக் கேப்பாங்க," என்றான். "கை பழகலன்னு சொல்லு. சொன்னா இடம் உனக்கு. மேடம்கிட்ட பேசிட்டேன்."

அவள் தலையாட்டினாள். அவளுக்குச் சரளமாக வருவது அது ஒன்றுதான்.

"குட்டையைக் குழப்பிடாத. வாய் இருக்கிற பொண்ணுங்க ரெண்டு பேர் வரிசையில நிக்குறாங்க."

மொத்தத் திட்டமும் அவனுடைய ஒரே முடிவின்மேல்தான் நின்றது: மனிதக் கல்லீரலில் வரும் புற்றுச் செல்களை அந்த மருந்து துளியளவிலேயே கொன்றுவிடும். அவனுடைய குப்பியில் கொன்றது. அவளோ, அவன் வந்து சேர்வதற்கு முன்பே அதே செல்களை உறையவைத்திருந்த பழைய குழாய் ஒன்றை எடுத்து வளர்த்து, அதே மருந்தை ஊற்றிப் பார்த்தாள். செல்கள் கல்லுப்பிள்ளையார் மாதிரி இருந்தன. மறுபடி செய்தாள். அப்போதும் சாகவில்லை. வாராந்திரக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் மேடம், சிலருடைய கை பாத்திரம் தேய்க்கத்தான் லாயக்கு என்றாள். முதலில் சட்டாம்பிள்ளை சிரித்தான். பிறகு மற்றவர்களும் சிரித்துவைத்தார்கள்.

அந்த அறையில் ஒரு விதி உண்டு. ஒரு நேரத்தில் ஒரு வகைச் செல்லைத்தான் திறக்க வேண்டும். அதை மூடி, மேடையைத் துடைத்த பிறகே அடுத்தது. சட்டாம்பிள்ளைக்குப் பொறுமை கிடையாது. மனிதச் செல் குப்பியையும் எலிச் செல் குப்பியையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து, ஒரே பாட்டில் ஊட்டக் கரைசலை ஒரே குழலால் இரண்டுக்கும் ஊற்றுவான். அவள் ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்தாள். நீ ஸ்லேட்டு பிடிச்ச காலத்துலேருந்து நான் இதைப் பண்றேன் என்று வாயை அடைத்துவிட்டான்.

போன சனிக்கிழமை ஆள் இல்லாத நேரத்தில் அவனுடைய குப்பியிலிருந்தும் பழைய குழாயிலிருந்தும் கொஞ்சம் எடுத்து, எந்த உயிரின் செல் என்று காட்டும் டி.என்.ஏ. சோதனை செய்தாள். ஜெல்லில் கோடுகள் எங்கே விழுந்திருக்கின்றன என்று பார்த்தாள். நம்பாமல் இன்னொரு முறை செய்தாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. விட்டால் திட்டம் சரியும். திட்டத்தோடு அந்த ஒற்றை இடமும் போய்விடும்.

வீடு என்பது அக்கா வீடு. இந்தத் தடவையும் கிடைக்காவிட்டால் பேசாமல் நம் கடையில் உட்காரட்டும், சோறாவது செமிக்கும் என்று அக்கா வீட்டுக்காரர் அடுத்த அறையிலிருந்து, அவளுக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னார். கையைக் காலைப் பிடித்தாவது வாங்கிவிடு என்று அக்கா காதோடு சொன்னாள்.

காலையில் பஸ்ஸில் 'கை பழகல' என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். வாய்க்கு நன்றாகவே வந்தது.

அறையில் மேடமும் வெளியிலிருந்து வந்திருந்த பேராசிரியர் ஒருவரும் இருந்தார்கள். சட்டாம்பிள்ளை கதவோரம் ஃபைல் அடுக்குகிற பாவனையில் நின்றான். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. பேராசிரியர் பிஸ்கட்டை டீயில் நனைத்தபடி, அதே மருந்து உங்களுக்கு மட்டும் ஏன் வேலை செய்யவில்லை என்று சாதாரணமாகத்தான் கேட்டார்.

மேடம் முந்திக்கொண்டாள். "சொல்லும்மா. கோளாறு கையிலயா, தலையிலயா?"

பேராசிரியர் சிரித்தார். கதவோரத்திலிருந்து சட்டாம்பிள்ளை, ம், சொல்லு என்பதுபோல் கண்ணைக் காட்டினான். ஒரு வார்த்தைதான். பஸ்ஸில் அத்தனை சுலபமாக வந்ததுதான். பேராசிரியர் பேனாவைத் திறந்து காத்திருந்தார். கை என்று அவள் சொன்னால் கை என்று எழுதிக்கொள்வார். அடுத்து யாராவது அந்தப் பழைய குழாயை எடுத்தால் அவர்களுக்கும் கைதான் பழகியிருக்காது.

"இதுக்கே வாயைத் திறக்கலன்னா," மேடம் நாற்காலியில் சாய்ந்தாள், "இங்க வந்து மூணு வருஷம் என்னத்தைக் கிழிக்கப்போற?"

அந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இருந்தது. குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

"மூணு வருஷமும் எலிச் செல்லைத்தான் கொன்னுட்டிருப்பேன், மேடம். சாரோட குப்பியில இருக்கிறது மனுஷச் செல்லே இல்ல."