பாக்கு நிறப் புடவை

விமானப் பணிப்பெண்கள் கட்டும் பாக்கு நிறப் பட்டுப்புடவையைத்தான் சுகன்யா ஆறு வருடமாக நெய்கிறாள். கனவில்கூட வேறு நிறம் வருவதில்லை. அந்த விமானக் கம்பெனி கைமாறி, விமானங்களுக்கு நீலம் அடிக்கிறார்கள் என்று கேட்டதும் தறிக்குழியிலிருந்து எழுந்தே விட்டாள்.

"அப்போ பொடவையும் நீலந்தானுங்களே?"

"எல்லா பிளேனும் அடிச்சி முடிச்சப்புறந்தான் பொடவைய மாத்துவாங்களாம்," என்றார் வேலை கொடுக்கும் சந்திரமோகன். "ஒண்ணுக்கே அரைக்கோடி, ஒரு கோடின்னு ஆவுது. பறக்காம நிக்கிற நாளுக்கு நஷ்டம் வேற. அதனால சில வருசத்துக்கு ஒருவாட்டி பெரிய சர்வீசுக்கு வரும்போதுதான் அடிப்பாங்க."

"மொத்தம் எத்தினி கீதுங்க?"

"நூத்திப் பத்து."

"எத்தினி முடிஞ்சிதுங்க?"

"ஒண்ணு. விளம்பரத்துக்குப் போட்டோ எடுக்கணுமே," என்றபடி அவர் பையிலிருந்த புது நூலைத் தறிமேல் வைத்தார்.

பாக்கு நிறம். சுகன்யா மறுபடி குழிக்குள் காலை விட்டாள்.