அரை விரல் தள்ளி

கிட்ட வாங்க, தங்கங்களா. கதவோரம் நிற்கிறவர்களும் உள்ளே வந்து உட்காருங்கள், இடமிருக்கிறது. இன்றைக்கு ஒரு கதை சொல்லப்போகிறேன். நடுநடுவே என் குரல் ஏறும். கோபம் உங்கள் மேல் இல்லை, யார் மேல் என்று போகப்போகத் தெரியும்.

தராசு செய்கிற ஒரு கம்பெனியில், முப்பத்தொரு பேருடைய மச்சங்களும் தழும்புகளும் ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பதே காலுக்கு முகத்தை விட்டு இறங்கி, இரண்டு தெரு தள்ளியிருந்த போட்டோ ஸ்டுடியோவின் மேசைமேல் போய்க் கிடந்தன. அன்று மழை இல்லை. பஸ்கள் நேரத்துக்கு ஓடின. அந்த ஸ்டுடியோவில் படங்களைத் திருத்தும் பெண்மணியை எல்லாரும் டச்சிங் அக்கா என்பார்கள். ஷட்டரைத் தூக்கி உள்ளே போனவர், யாரோ எள்ளைக் கொட்டிவிட்டார்கள் என்று நினைத்துத் துடைப்பத்தைக் கையில் எடுத்துவிட்டார். நல்லவேளை, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒருமுறை பார்த்தார். இருபத்தைந்து வருஷம் முகங்களையே பார்த்துப் பழகிய கண்ணல்லவா! எது யாருடையது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அழித்ததே அவர்தானே. முப்பத்தொரு காகித உறைகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் போட்டு, ஆளைக் குறித்து அடுக்கிவைத்து, கம்பெனிக்குச் சேதி சொல்லியனுப்பினார்.

எதற்காக அழித்தார் என்றால், மேனேஜர் சொன்னதற்காக. அந்த மனுஷன் வந்து சேர்ந்த நாளிலிருந்து, கம்பெனிச் சுவரெல்லாம் ‘பிழை பூஜ்யம்’ என்று பலகை மாட்டினார். கைகழுவும் இடத்தைக்கூட விடவில்லை. அதனால் அவருக்குப் பூஜ்யம் சார் என்றே பெயர் விழுந்தது. வருகிறவர்கள் பார்த்து அசரவேண்டும் என்று எல்லாரையும் படம் எடுத்து, ஒரு குறை இல்லாமல் திருத்தித் தரச் சொன்னார். டச்சிங் அக்கா நாலு நாள் உட்கார்ந்து மச்சம், அம்மைத் தழும்பு, தீக்காயம் எல்லாவற்றையும் வழித்து எடுத்தார். மேனேஜர் தன் படத்தைத்தான் அதிகம் திருத்த வைத்தார். படங்கள் சுவரோடு நின்றிருந்தால் நான் இந்தக் கதையைச் சொல்லவே வேண்டாம். முகம் பார்த்துக் கதவைத் திறக்கிற மெஷின் ஒன்றை வாசலில் வைத்து, அதற்குள்ளும் அதே படங்களை ஏற்றினார்.

மெஷின் யாருக்கும் திறக்கவில்லை. சிவப்பு விளக்கு எரிந்தது. புத்தியுள்ளவன் படத்தை மாற்றியிருப்பான். இந்த மனுஷன் வந்தார். படத்தைப் பார்த்தார், வரிசையில் நின்றவர்களைப் பார்த்தார், வாய் கூசாமல் சொன்னார்: “படம் சரியாத்தான் இருக்கு. உங்க மூஞ்சிதான் தப்பா இருக்கு. ஒரு வாரம் டைம் தர்றேன், சரிபண்ணிட்டு வாங்க.”

கேட்டீர்களா அநியாயத்தை! அம்மா வயிற்றிலிருந்து கொண்டுவந்த முகம் தப்பாம். வேலை போய்விடுமே என்ற பயத்தில் பவுடர் பூசினார்கள், களிம்பு தேய்த்தார்கள், கண்ணாடி முன் நின்று அழுதார்கள். அடுத்த திங்கட்கிழமை, நான் முதலில் சொன்ன அந்த ஒன்பதே காலுக்கு, அதே வரிசையில் நிற்கும்போது, பயந்துபோன முகங்கள் சொன்னபடி கேட்டுவிட்டன. முப்பத்தொரு பேருக்கும் பச்சை விளக்கு எரிந்தது. மேனேஜர் கைதட்டினார். அவருக்கும் பச்சைதான்; அவர் முகத்திலிருந்து இறங்கியதற்கு டச்சிங் அக்கா தனியாக முப்பத்திரண்டாவது உறை போட்டிருந்தார்.

வரிசையில் எடை சோதிக்கிற பெண் ஒருத்தி இருந்தாள். செய்து முடித்த தராசு ஒவ்வொன்றின்மீதும் படிக்கல்லை வைத்துப் பார்த்து முத்திரை ஒட்டுவது அவள் வேலை. கல்லின் எடைக்கு அரை கிராம் முன்னே பின்னே காட்டினாலும் அந்தத் தராசு நல்ல தராசுதான். அதற்கு மேல் போனால்தான் திருப்பி அனுப்பவேண்டும். அதுதான் அந்தத் தொழிலின் சட்டம். அவளுக்கு இடது காதுக்குக் கீழே மிளகு அளவில் ஒரு மச்சம். ரெண்டரை வயது மகள், குட்டி என்று கூப்பிடுவார்கள், பிறந்ததிலிருந்து அந்த மச்சத்தை ரெண்டு விரலால் உருட்டிக்கொண்டேதான் தூங்குவாள்.

அன்று சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்து குழந்தையைத் தூக்கினாள். குட்டியின் கை கழுத்தைத் தடவியது. திரும்பத் தடவியது. அம்மாவின் முகத்தை நன்றாக உற்றுப் பார்த்துவிட்டு, “அம்மா எங்க?” என்று கேட்டது.

“நான்தான்டி அம்மா.”

“நீ இல்ல. அம்மா எங்க?”

பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் நாத்தனார் முதலில் சிரித்தாள். “அண்ணி, சினிமாவுல நடிக்கப் போறீங்களா? அப்படியே பளபளன்னு இருக்கீங்க” என்றாள். மூன்றாம் நாள் அந்தச் சிரிப்பு போய்விட்டது. குழந்தை தூங்கவில்லை, பெற்றவள் கையால் ஒரு வாய் வாங்கவில்லை, வாசலைப் பார்த்தபடியே அம்மாவுக்காகக் காத்திருந்தது. நாலாம் நாள் உடம்பு அனலாகக் கொதித்தது.

அவள் மேனேஜரிடம் போனாள். “சார், தராசுக்கே அரை கிராம் முன்னே பின்னே விடுறோம். மூஞ்சிக்கு விடக்கூடாதா?” என்று கேட்டாள். அவர் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார். “இந்தக் காலத்துக்கு மச்சம் எதுக்கும்மா? அதனால யாருக்கு என்ன பிரயோஜனம்? அதைப் பெருக்கித் தள்ளச் சொல்லு அந்த ஸ்டுடியோவுல.” பெருக்கித் தள்ளவாம்! அவர் வீட்டுக் குப்பையா அது?

ஸ்டுடியோவுக்கு ஓடினாள். டச்சிங் அக்கா கைகூப்பாத குறையாக நின்றார். “தப்பு என் பேர்லதாம்மா. ஒட்டிப் பாக்கலாம் வா” என்றார். பசை வைத்தும் நிற்கவில்லை, மச்சம் உதிர்ந்துகொண்டே இருந்தது. உறையைத் திருப்பித் தரும்போது அக்காவின் மணிக்கட்டு வளைந்ததை அவள் கவனித்தாள். காகித உறைக்கு அப்படி என்ன கனம்? எடை போடுகிறவளுக்கு அதைத் தாண்டிப் போக மனம் வருமா? நேரே சோதனை அறைக்குக் கொண்டுபோய், தன் கையால் முத்திரை ஒட்டிய தராசின்மேல் வைத்தாள்.

பதினொரு கிலோ இருநூறு கிராம் காட்டியது. அடுத்த தராசிலும் அதேதான். போன வாரம் ஆஸ்பத்திரியில் குட்டியை நிறுத்துப் பார்த்தபோது இருந்த எடையும் அதுதான்.

சேதி பரவி, எல்லாரும் உறைகளோடு வந்துவிட்டார்கள். வாட்ச்மேனின் புருவத் தழும்பு இருபத்துநாலு கிலோ. மரத்திலிருந்து விழுந்த தம்பியைத் தாங்கிப் பிடித்தபோது வந்தது, தம்பிக்கு அப்போது எட்டு வயது. கேன்டீன் அம்மாவின் உதட்டுத் தீக்காயம் நாற்பத்தாறு கிலோ. அது யார் என்று அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை.

சத்தம் கேட்டு மேனேஜர் வந்தார். “தராசு கெட்டுப்போச்சு, தூக்கி வெளிய போடுங்க” என்றார்.

“சரிங்க சார். கெட்டுப்போச்சுன்னு எழுதிக் கையெழுத்து போடுங்க” என்று பதிவேட்டை நீட்டினாள் அவள். தராசின் நெற்றியில் அவர் ஒட்டவைத்த ‘பிழை பூஜ்யம்’ பளபளத்தது. அதன் கீழே அவருடைய கையெழுத்தே இருந்தது. “போடுங்க சார், எனக்கு நேரமாகுது. வீட்ல புள்ள காய்ச்சல்ல கிடக்கு.”

மேனேஜர் பேனாவை எடுத்தார். தன் தராசு தப்பு என்று எழுத அந்தக் கைக்கு வரவில்லை. கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார்: மச்சம் ஒன்று, பதினொரு கிலோ இருநூறு கிராம், பிழை பூஜ்யம். கீழே வரிசையாக மற்ற முப்பதையும் எழுதினார். மை காய்ந்ததும் தராசு பூஜ்யத்துக்கு இறங்கியது. மச்சங்களும் தழும்புகளும் அவரவர் முகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அவசரத்தில் எல்லாமே கொஞ்சம் இடம் தள்ளித்தான் உட்கார்ந்தன. அவளுடையது அரை விரல் கீழே.

வீட்டுக்கு ஓடினாள். குட்டியின் சூடான கை பழைய இடத்துக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. உதடு பிதுங்கியது. அந்த நேரத்தில் அவள் மூச்சுவிட்டாளா என்று எனக்குத் தெரியாது. கை மெல்லக் கீழே வழுக்கியது, நின்றது, ரெண்டு விரலால் பிடித்து உருட்டியது. “அம்மா” என்று ஒரு முனகல், அவ்வளவுதான், தூங்கிவிட்டது.

“இடம் மாறிப்போச்சே அண்ணி” என்று நாத்தனார் கிசுகிசுத்தாள்.

“அரை விரல்தானே. இருந்துட்டுப் போகுது.”

மறுநாள் மெஷின் எல்லாருக்கும் சிவப்பு காட்டியது. யாரும் அதன் முன் நிற்கவில்லை. பின்பக்கம் லாரி போகிற வாசலுக்குப் போய், லாரியை எடை போடும் மேடையில் முப்பத்தொரு பேரும் மொத்தமாக ஏறி நின்றார்கள். அவர்களோடு நின்ற வாட்ச்மேன் எட்டி எடையைப் பார்த்து, “கொஞ்சம் முன்னே பின்னே இருக்கு. சரியாத்தான் இருக்கு, போங்க” என்றார். பதினாறு வருஷமாக அப்படித்தான் வேலைக்குப் போகிறார்கள். குட்டி கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். பூஜ்யம் சார் மட்டும் தன் உறையை வாங்க வரவேயில்லை. மெஷின் அவருக்கு மட்டும் தினமும் பச்சை காட்டுகிறது. வீட்டில் அவர் மனைவி தினமும் கதவைத் திறந்து, “யார் வேணும்?” என்று கேட்கிறார். அவர் தன் பெயரைச் சொல்லிவிட்டு உள்ளே போகிறார். அவருடைய உறை நல்ல கனம். ஸ்டுடியோக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமலிருக்க டச்சிங் அக்கா அதைத்தான் முட்டுக்கொடுத்து வைக்கிறார்.

அவ்வளவுதான் தங்கங்களா, வீட்டுக்குப் போங்கள். உங்கள் வீட்டுக் கதவு உங்கள் முகத்தை அறிந்தே திறக்கட்டும். அதற்குள்ளே இருப்பவர்கள் உங்களைத் தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்க, உங்கள் எல்லாருக்கும் ஏதாவது ஒரு குறை கடைசிவரை குறையாமல் இருக்கட்டும்.