ஏழாவது சாமி

துரைக்கண்ணுவின் காலில் ஷூ இல்லை என்பதை முதலில் கண்டுபிடித்தவர் திருவக்கரை அணியின் கோச். அதற்குப் பெரிய மூளை ஒன்றும் வேண்டாம். கறுப்பு டிரவுசர், கழுத்தில் துளசி மாலை, முகமெல்லாம் தாடி, கீழே பார்த்தால் சேறு அப்பிய வெறுங்கால். ஐயப்பனுக்கு மாலை போட்டவர் செருப்பே போடமாட்டார், ஷூவா போடப்போகிறார்?

"ரெப்ரி, இது இன்னா கூத்து? வெறுங்கால்ல ஆடக் கூடாதுன்னு ரூல் இருக்குல்ல?" என்று கோச் கத்தினார்.

சின்னப்பராஜ் கோல் கம்பத்தை விட்டு ஓடிவந்தார். கெடார் கால்பந்து அணிக்குக் கேப்டனும் அவர்தான், கோல்கீப்பரும் அவர்தான், கோல் வலையைச் சுருட்டி டிவிஎஸ்ஸின் பின்னால் கட்டிக்கொண்டு விழுப்புரம் வருகிறவரும் அவர்தான். அன்றைக்கு அவரையும் துரைக்கண்ணுவையும் சேர்த்து மைதானத்தில் நின்றது ஏழே பேர். அதில் ஒன்று குறைந்தால் ஆட்டம் கிடையாது, வாக்கோவர், ஆடாமலே தோல்வி. இந்த வருஷம் கெடார் ஏற்கனவே ஒரு வாக்கோவர் கொடுத்தாயிற்று. இன்னொன்று விழுந்தால் லீக்கிலிருந்தே பெயரை அடித்துவிடுவார்கள். லீக்கில் பெயர் இல்லாத ஊர்ப் பையனை மாவட்டத் தேர்வுக்கு எவன் கூப்பிடுவான்? அப்புறம் அவர் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு கெடார் பஸ் ஸ்டாப்பில் நிற்பது?

நடுவர் குமரேசன் மயிலத்துக்காரர். அவர் கோச்சைப் பார்த்தார், துரைக்கண்ணுவின் காலைப் பார்த்தார், பிறகு குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டார். அவரும் வெறுங்கால். சட்டைக் காலருக்குள் அவருக்கும் மாலை தெரிந்தது.

"ஷூ இல்லாதவங்க கிரவுண்டுக்குள்ள வரக் கூடாதுன்னா, சாமி, நானே வெளிய போகணுமே. அப்ப யாரு விசில் ஊதறது?"

கோச் அதற்கும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவருடைய டிஃபெண்டர் வல்லரசு பக்கத்தில் வந்து நின்றான். மலைபோல ஆள், நின்ற இடத்தைவிட்டு நகரமாட்டான் என்பதால் அவனுக்குக் கல்மரம் என்று பெயர்.

"கோச், நானும் இன்னிக்குக் காலையிலதான் மாலை போட்டேன். ஷூவ ஊட்டுலயே வுட்டுட்டு வந்துட்டேன்" என்றான்.

கோச் தலையில் கைவைத்துக்கொண்டார். ஆட்டம் தொடங்கியது.

இத்தனை பேஜாருக்கும் காரணம் திண்டிவனம். அங்கே நடக்கும் கோப்பைப் போட்டிக்கு மூன்று மாவட்டத்து அணிகள் வரும். எப்போதும் மே மாதம்தான் நடக்கும். போன மே மாதம், கத்திரி வெயில் மண்டையைப் பிளந்த ஒரு மத்தியானம், பந்தோடு ஓடிக்கொண்டிருந்த ஒருத்தர் அப்படியே குப்புற விழுந்தார். கண் சொருகிவிட்டது. ஆஸ்பத்திரியில் பிழைப்பாரா மாட்டாரா என்று கிடந்தார். அது வேறு யாருமில்லை, இதே துரைக்கண்ணுதான். அவர் கண் திறந்தால் சபரிமலைக்கு அனுப்புகிறேன் என்று மனைவி கலைமதி வேண்டிக்கொண்டாள். கண்ணைத் திறந்தார், கார்த்திகை பிறந்ததும் மாலையும் போட்டார். மாலை போட்டபின் யாரையும் அவன் இவன் என்று சொல்லும் வழக்கம் இல்லை, நாமும் சொல்லவேண்டாம். காலையில்தான் மாலை போட்ட வல்லரசுக்கு மட்டும் நம் வாய் இன்னும் பழகவில்லை.

கோப்பைக் கமிட்டிக்காரர்களும் பயந்துபோனார்கள். போட்டியைத் தூக்கி டிசம்பரில் வைத்தார்கள். "கத்தார்ல ஒலகக் கோப்பையவே வெயிலுக்குப் பயந்து குளிருக்கு மாத்துனான், நாம மாத்தக் கூடாதா?" என்று கேட்டார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கத்தாருக்காக ஐரோப்பாவின் பெரிய லீக்குகள் எல்லாம் கடையைச் சாத்திவிட்டுக் காத்திருந்தன. விழுப்புரம் லீக்கை யார் காத்திருக்கச் சொன்னார்கள்? மழை விட்டதிலிருந்து பொங்கல்வரை ஞாயிற்றுக்கிழமைதோறும் லீக் ஆட்டம். அதே ஞாயிற்றுக்கிழமைகளை இப்போது திண்டிவனமும் எடுத்துக்கொண்டது. கெடாரின் நல்ல ஆட்டக்காரர்கள் நாலு பேர் அங்கே வேறொரு அணிக்கு ஆடப் போய்விட்டார்கள்.

அந்த நாலு பேரில் ஒருவன் ஜெனித், சின்னப்பராஜின் சித்தி மகன். காலையில் செமி ஃபைனல் முடிந்ததும் பைக்கில் வந்துவிடுகிறோம் என்று சத்தியம் செய்துவிட்டுப் போனவன், மத்தியானம் போன் பண்ணினான்.

"செமி ஜெயிச்சிட்டோம்ணே. பைனல இன்னிக்கு சாய்ங்காலமே வச்சிட்டாங்க. வுட மாட்றாங்க..."

"வுட மாட்றாங்களா, நீ வர மாட்றியா?"

"அண்ணே, கொஞ்சம் கேளேன்..."

"ஒண்ணும் கேக்க வேணாம். அங்கேயே கெட. கெடார்ல ஒனக்கு எடமில்ல. என் மூஞ்சிலயே முழிக்காத!" சின்னப்பராஜ் போனைத் தூக்கிப் பைக்குள் எறிந்தார். ஆத்திரம் பாதி, பயம் பாதி.

ஆட்டம் என்றால் அது ஆட்டமா? அந்தப் பக்கம் பதினொரு பேர், இந்தப் பக்கம் ஏழு. கோல்மேல் கோல் விழுந்தது. சின்னப்பராஜ் வலையிலிருந்து பந்தைப் பொறுக்கிப் பொறுக்கிப் போட்டார். தோற்பதைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. "அடி படாம ஆடுங்கப்பா! யாரும் வெளிய போயிடாதீங்க! நின்னாப் போதும்!" என்று தொண்டை கிழியக் கத்தினார். அப்படிக் கத்துகிற கேப்டனை உலகத்தில் வேறெங்கும் பார்க்க முடியாது.

இடைவேளைக்குப் பிறகு துரைக்கண்ணு ஒருத்தனின் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டார். குமரேசன் ஓடிவந்து மஞ்சள் அட்டையைத் தூக்கினார்.

"மன்னிச்சிக்கோங்க சாமி" என்றார் அட்டையைக் காட்டியபடி.

"பரவால்ல சாமி" என்றார் துரைக்கண்ணு கும்பிட்டபடி. சுற்றி நின்ற கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சின்னப்பராஜ் சிரிக்கவில்லை. இன்னொரு மஞ்சள் வாங்கினால் சாமி வெளியே. அதோடு கெடாரும் வெளியே.

வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம்தான், மாதாவே, இன்னும் கொஞ்ச நேரம் என்று அவர் வாய்க்குள் முணுமுணுத்த நேரத்தில்தான் அது நடந்தது. எதிரணி ஃபார்வர்டு ஒருவன் ஷூவோடு, அதன் அடியிலிருந்த அத்தனை முள்ளும் பதிய, துரைக்கண்ணுவின் வெறுங்கால்மேல் ஏறி இறங்கினான். வேண்டுமென்று செய்யவில்லை, வழுக்கிவிட்டது. துரைக்கண்ணு "ஐயப்பா!" என்று அலறி, உருண்டு கோட்டுக்கு வெளியே போய் விழுந்தார். கட்டைவிரல் நகம் பெயர்ந்து ரத்தம் கொட்டியது.

பந்து மட்டும் இன்னும் மைதானத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

"நான் விசில் அடிக்கல!" குமரேசன் ஓடிக்கொண்டே கத்தினார். "பந்து உள்ள இருக்குற வரைக்கும் ஆட்டம் உண்டு. வெளிய போச்சின்னா, ஏழு பேர் இல்லாம திரும்பத் தொடங்க முடியாது. ரத்தம் நிக்காம அவர உள்ள உடவும் முடியாது. ரூல் அதான் சாமி!"

திருவக்கரைக் கோச்சுக்கு விஷயம் புரிய அரை நொடி போதுமாயிருந்தது. "வெளிய அடிங்கடா! எங்கியாவது வெளிய அடிங்க, முடிஞ்சிது, ஊட்டுக்குப் போலாம்!"

அடப்பாவி! கை நிறையக் கோல் அடித்து ஜெயிக்கப்போகிறவனுக்கு என்ன அவசரம் பார்த்தீர்களா?

ஒருத்தன் தூக்கி அடித்தான். பந்து கோல் கம்பத்துக்கு வெளியேதான் போய்க்கொண்டிருந்தது. சின்னப்பராஜ் தன் வயதையும் முட்டி வலியையும் மறந்து பாய்ந்து, கோட்டின்மேல் விழுந்து, பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். உள்ளே! எழுந்திருக்காமல் அப்படியே கிடந்தார். ஆனால் கோல்கீப்பர் பந்தைக் கட்டிக்கொண்டு குடும்பம் நடத்த முடியாது. குமரேசன் கையைத் தூக்கி, நொடி எண்ணி விரல்களை மடக்க ஆரம்பித்தார். கடைசி விரலில் சின்னப்பராஜ் எழுந்து, தன் ஆள் ஒருவனுக்கு உருட்டினார். அவன் இன்னொருவனுக்குத் தட்டினான். அவனிடமிருந்து பந்து தவறி, ஓரக்கோட்டுப் பக்கமாக உருண்டது. அங்கே கல்மரம் நின்றான். அவனுக்கும் கோட்டுக்கும் நடுவில் யாருமே இல்லை. சும்மா ஒரு தட்டு தட்டினால் போதும்.

வல்லரசு காலை ஓங்கினான்.

அதே நேரம் அந்தக் கோட்டுக்கு வெளியே துரைக்கண்ணு துண்டால் காலைச் சுற்றிக்கொண்டு, நொண்டியபடி உள்ளே வரக் கிளம்பினார். பக்கத்தில் நின்றவர்கள் அவர் கையைப் பிடித்து இழுத்தார்கள், அவர் உதறினார். நடுவர் சொல்லாமல் உள்ளே கால் வைத்தால் இரண்டாவது மஞ்சள். சின்னப்பராஜுக்கு உயிரே போய்விட்டது. அடித்தொண்டையிலிருந்து அலறினார்.

"சாமி, விடுங்க! வேணாம் சாமி, விட்டுடுங்க!"

துரைக்கண்ணுவுக்குத்தான் சொன்னார். கெட்ட எண்ணம் ஒரு துளி இல்லை, மாதா சாட்சி. ஆனால் காலையில் மாலை போட்டதிலிருந்து வல்லரசை வீட்டிலும் கோயிலிலும் பஸ்ஸிலும் எல்லாரும் சாமி சாமி என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள். புதுச் சாமி வேறு, கூப்பிட்ட குரலுக்குச் சட்டென்று கட்டுப்பட்டுவிட்டான். தன் அணிக்காரன் யாரோ பின்னாலிருந்து பந்தை விடச் சொல்கிறான் என்று நினைத்து, ஓங்கிய காலை அப்படியே இறக்கினான். "சரி சாமி!" என்று பதில் வேறு சொன்னான்.

பந்து அவன் காலைத் தாண்டி உருண்டது. கோட்டை நோக்கிப் போனது. கோட்டின்மேல் போன வாரத்து மழைத்தண்ணீர் ஒரு முழ அகலத்துக்குத் தேங்கி நின்றது. பந்து அதில் இறங்கி, சேற்றில் பாதி அமுங்கி, நின்றேவிட்டது. மே மாதமாக இருந்திருந்தால் கட்டாந்தரையில் ரோடுவரைக்கும் போயிருக்கும்.

"கோட்டு மேலதான் இருக்கு! உள்ளதான்! ஆடுங்க!" என்றார் குமரேசன்.

கெடார்க்காரன் ஒருவன் சேற்றில் விழுந்து பந்தைத் தோண்டி உள்ளே இழுத்தான். அப்போதுதான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒரு பைக் கோட்டோரமாக வந்து சரிந்தது. இறங்கி ஓடிவந்தவன் காலில் ஷூ இருந்தது, உடம்பில் திண்டிவனத்து அணியின் சிவப்புச் சட்டை இருந்தது.

"ரெப்ரி! என் பேரு லிஸ்ட்ல இருக்கு சார், ஜெனித்! உள்ள வரட்டா?"

"இந்தச் சட்டையோட முடியாது சாமி!"

துரைக்கண்ணு சேறும் வேர்வையுமாக இருந்த தன் பச்சைச் சட்டையைக் கழற்றி வீசினார். ஜெனித் ஓடிக்கொண்டே தலையை நுழைத்தான். குமரேசன் கையை அசைத்து அவனை உள்ளே அழைத்தார். ஏழு!

அடுத்த நொடியே திருவக்கரைக்காரன் ஒருவன் பந்தை ஓங்கி மைதானத்துக்கு வெளியே அடித்தான். போகட்டும், எங்கே வேண்டுமானாலும் போகட்டும். சின்னப்பராஜ் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். கூட்டம் பார்க்கிறது என்ற வெட்கம்கூட அவருக்கு வரவில்லை.

நீண்ட விசில் அடித்தபோது கெடார் படுதோல்வி. தோற்ற அணி ஒருத்தரையொருத்தர் கட்டிப்பிடித்துக் குதிப்பதைத் திருவக்கரைக் கோச் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்.

ஜெனித் தயங்கித் தயங்கிக் கிட்டே வந்தான். "திட்டாதண்ணே. மத்த மூணு பேரும் வரல."

"பைனல்?"

"ஆடிக்கினு இருப்பாங்க."

சின்னப்பராஜ் அவன் தலையில் ஓங்கி ஒரு குட்டு வைத்தார். பிறகு அதே கையால் அவனை இழுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். "என் மூஞ்சிலயே முழிக்காதன்னு சொன்னேன்ல? என்னிக்காவது சொல்பேச்சுக் கேட்டிருக்கியாடா நாயே?"

லீக் செயலாளர் நெடுஞ்செழியன் அவர்களை நோக்கி வந்தார். அவரும் சந்தோஷமாகத்தான் வந்தார். "கவலய வுடு சின்னப்பா. இனிமே இந்தப் பேஜாரே இல்ல. காலைல கமிட்டி கூடிப் பேசிட்டோம். டிசம்பர் திண்டிவனத்துக்குன்னு ஆயிப்போச்சி, அவங்களோட மல்லுக்கட்ட நம்மால முடியாது. அடுத்த வருசத்துலேர்ந்து லீக்க மாத்திட்டோம்."

"எப்பங்க?"

"காலியா கெடக்குறது ஒரு மாசந்தான். மே."

சின்னப்பராஜ் திரும்பிப் பார்த்தார். துரைக்கண்ணு வெற்று மார்பில் மாலையோடு தரையில் உட்கார்ந்து, ரத்தம் ஊறிய துண்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவர் காதிலும் விழுந்துவிட்டது.

"அப்ப சரி சாமி" என்றார் துரைக்கண்ணு, துண்டைப் பிழிந்துகொண்டே. "கலைமதிய இப்பவே வேண்டிக்கச் சொல்லிடறேன்."