அடம்பன்பூக் கதிரை

"வெள்ளைத் துணியைக் கொண்டா எண்டு சொல்லுறன்—"

"என்ரை கதிரையில துணி விழாது எண்டு நானும்—"

"கதிரையோ? எடியே, இது புனல்! சுவாமி இருந்தால் தலை மட்டும்தான் வெளியில தெரியும்!"

சந்தியோகு கத்தக் கத்த, எடித் கதிரையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். வெளியில் புது வள்ளம் மாலையும் கழுத்துமாய் நின்றது. அதை மந்திரிக்கப் பங்குச் சுவாமி வருகிற நேரம். வருகிறவரை வெள்ளை விரித்த கதிரையில் இருத்துவதுதான் அந்தக் கரையில் வழக்கம்.

புருசனும் பெண்சாதியுமாய்த்தான் பைபர் வள்ளம் செய்கிறார்கள். அச்சுக்கு மெழுகு பூசுவது, கண்ணாடியிழைப் பாய் வெட்டுவது, றெசின் தடவுவது எல்லாம் எடித்தின் கை. ஊர் சொல்வதோ 'சந்தியோகு வள்ளம்'. இந்தக் கதிரை அப்படியில்லை. மிஞ்சின றெசினில், மணலில் படர்கிற அடம்பன்பூவை அப்படியே பெருப்பித்து, ஊதா நிறத்தில் தனியாய் வார்த்திருந்தாள். கால் கிடையாது. உருண்ட அடிக்குள் பாரத்துக்கு வலை ஈயம். ஒரு கைப்பிடி துடுப்பு, மற்றது அடம்பன் இலை.

"சரி, துணி வேண்டாம். சுவாமி இருக்காட்டி?"

"அறுத்துக் கோழிக்கூடாக்குங்கோ, வாய் திறக்க மாட்டன். இருந்தால் இது நடு விறாந்தையில நிக்கும். எடித் செய்தது எண்டு வாற சனத்துக்கெல்லாம் நீங்கள்தான் சொல்லவேணும்."

"ஓம், சொல்லுறன்! பார்ப்பம்."

றொகான் சுவாமி படியேறினார். பூவைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். சந்தியோகு மரக்கதிரையை இழுத்துக்கொண்டு ஓடிவந்தான்.

"சுவாமி, இதில இருங்கோ. அது சும்மா..."

"பொறுங்கோ. அடம்பன்பூவெல்லோ இது!"

அங்கியை ஒதுக்கிக்கொண்டு இருந்தார். கதிரை பின்னால் சாய்ந்தது. இரண்டு காலும் மேலே போயின.

"யேசுவே!" என்று சந்தியோகு பாய்ந்தான். அவன் கை படுமுன்பே, அலை தூக்கிய வள்ளம்போல அது தானாய் நிமிர்ந்தது. சுவாமி சிரித்தார். சிரித்துவிட்டு, வேணுமென்றே இன்னொருதரம் சாய்ந்தார்.

"கொழும்பில ஒரு கண்காட்சியில இப்பிடிப் பூக்கதிரையள் கண்டனான் அம்மா. பின்நவீனத்துவமாம். ஆரும் இருக்கக்கூடாதெண்டு கயிறு கட்டியிருந்தவை."

"இருக்க விடாட்டி அது பூந்தொட்டியெல்லோ சுவாமி!"

விறாந்தையே குலுங்கிச் சிரித்தது. சத்தம் கேட்டு எட்டிப்பார்த்த பக்கத்து வீட்டுப் பிரான்சிஸ்கா, "சந்தியோகண்ணை, ஆற்றை வேலை இது?" என்றாள்.

அவன் தொண்டையைச் செருமினான். எடித் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எடித் செய்தது," என்றான். பிறகு, பொறுக்கமாட்டாமல், "ஈயம் நான்தான் எடுத்துக் குடுத்தனான்."

ஒருவழியாய்ச் சுவாமி எழும்பினார். தீர்த்தம் தெளித்து, செபம் முடிந்து, கடலுக்குத் தள்ளச் சனமெல்லாம் வள்ளத்தில் கைவைத்தாயிற்று. ஆனால் சந்தியோகைக் காணவில்லை. எடித் விறாந்தைக்கு ஓடிவந்தாள். ஊதாப் பூவுக்குள்ளே இரண்டு கால் மேலே போவதும் கீழே வருவதுமாய் இருந்தன.

"இஞ்சாருங்கோ, சுவாமியே அங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கடலுக்குள்ள இறங்கப்போறார், நீங்கள் எழும்புறியளோ இல்லையோ?"