பெரெங்கேலாவுக்கு ஏற்றிய விளக்குகள்

எங்கள் கடலில் கப்பல் உடைந்தால் வீட்டுக்கு ஒரு விளக்கு, கடலுக்குள் நீண்டிருக்கும் நாய்முனைப் பாறைமேட்டுக்குப் போக வேண்டும். மூழ்கிச் செத்தவர்களின் ஆன்மா கரை தெரியாமல் அலையக் கூடாது என்பதற்காக. பெண்கள்தான் கொண்டுபோவோம். ஜெபமாலை முடியுமுன் எவளாவது விளக்கை அணைத்தால் அவள் வீட்டு ஆண்பிள்ளையைக் கடல் எடுத்துக்கொள்ளும் என்று பேச்சு. கலீசியாவின் இந்தக் கரையில் பிறந்தவள் எவளும் அந்தப் பேச்சைச் சோதித்துப் பார்க்க மாட்டாள்.

'பெரெங்கேலா' உடைந்து இருபத்தைந்து வருஷம் ஆகிறது, அதை நாடகமாகப் போடலாம் என்று கிளம்பியவர் புது வாத்தியார் பாவுலீனோ. மலைநாட்டுக்காரர். எங்கள் ஊருக்கு மாற்றலாகி வந்த பிறகுதான் கடலையே பார்த்தார். நாடு முழுக்கப் பத்திரிகையில் பேசப்பட்ட கப்பல் அது. இருநூறு பேர் செத்தார்கள். வாத்தியார் தம் நாடகத்தில் எங்களைத் தேவதைகளாக்கிவிட்டார். நாங்கள் விளக்கைத் தூக்கிப் பிடித்து, தப்பி வருகிறவர்களுக்கு வழி காட்டுகிறோமாம். அவர் படித்துக் காட்டியபோது கோயில்பிள்ளை மனைவி செனெரோசா மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள். நான் பாதியிலேயே எழுந்து வெளியே போய்விட்டேன்.

ஏனென்றால் கப்பல் உடைந்த அன்று நானும் முனையில் இருந்தேன். எனக்கு அப்போது பதினைந்து வயது. கப்பல் மோதிய சத்தம் கேட்டதுமே எல்லாரும் செத்திருப்பார்கள் என்று நாங்களாகவே முடிவு கட்டி, முனையில் மண்டியிட்டு ஜெபமாலை சொல்ல ஆரம்பித்துவிட்டோம். சாகாதவர்கள் பத்தொன்பது பேர் ஒரு படகில் இருந்தார்கள். மூடுபனிக்குள் துடுப்புச் சத்தம் மணல்துறைப் பக்கமாக நகர்வது எனக்குக் கேட்டது. பிறகு ஓர் ஆணின் குரல், "வெளிச்சம்! அதோ கரை!" என்று கூவியது. அவ்வளவு சந்தோஷமான குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. துடுப்புச் சத்தம் எங்களை நோக்கித் திரும்பியது. நாய்முனைக்குக் கீழே முழுக்கப் பாறை. பலகை நொறுங்கியதை அத்தனை பெண்களும் கேட்டோம். ஜெபம் நிற்கவில்லை, விளக்கும் அணையவில்லை. மறுநாள் யாரும் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. நானும்தான்.

நாடகத்துக்காகக் காதிஸ் நகரத்திலிருந்து டோன்யா எலிசியா என்ற அம்மாள் வந்து என் வீட்டில் தங்கினார். அந்தப் படகைச் செலுத்திய அதிகாரியின் மனைவி. அந்த அதிகாரி பயத்தில் புத்தி கலங்கித்தான் படகைப் பாறையில் விட்டார் என்று விசாரணையில் எழுதிவிட்டார்களாம்.

"ஏம்மா தோசிந்தா, மணல்துறை பக்கத்துலயே இருக்கு. இருபது வருஷம் கடல்ல கெடந்த மனுஷன் எதுக்குப் பாறையைப் பாத்துப் போனாரு?"

"சூப்பு ஆறுதும்மா, குடிங்க," என்றேன். அதைவிடக் கேவலமான பதிலை நான் யாருக்கும் சொன்னதில்லை.

நாடகத்துக்காக நிஜமாகவே கடலில் ஒரு படகை விடுவதாக ஏற்பாடு; என் ஒரே மகன் அமாரோ அதில் முதல் துடுப்புப் போடுகிறவன். வாத்தியாரே அதிகாரி வேஷம் கட்டிச் சுக்கான் பிடித்தார். துடுப்புப் போடுகிறவர்கள் படகின் பின்பக்கம் பார்த்து உட்காருவதால், போகிற திசை வாத்தியாருக்கு மட்டும்தான் தெரியும். மூன்று ஒத்திகையும் பகலில் நடந்தன. மணல்துறைச் சிற்றாலயத்தின் வெள்ளைச் சுவரைக் குறிவைத்து அழகாகக் கொண்டுவந்து சேர்த்தார்.

"வாத்தியாரே, வசனம் பேசுற ஜோருல எங்கள முக்கிறாதீங்க!" என்று அமாரோ கிண்டலடித்தான்.

நாடகத்தன்று சாமியாரின் பிரசங்கம் நீண்டுகொண்டே போனது. படகு கடலில் இறங்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. பாதி வழியில் மூடுபனியும் இறங்கியது. முனையில் நாங்கள் பதினொரு பெண்கள், பதினொரு விளக்குகள். எங்களுக்குப் பின்னால் நாடகம் பார்க்க வந்த ஊர்ஜனம், முன்வரிசை நாற்காலியில் டோன்யா எலிசியா. செனெரோசா ஜெபமாலையைத் தொடங்கினாள். கீழே துடுப்புச் சத்தம் மணல்துறைப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. வெள்ளைச் சுவர் பனியில் மறைந்துவிட்டது. வாத்தியாருக்குத் தெரிந்ததெல்லாம் எங்கள் விளக்குகள்தான்.

துடுப்புச் சத்தம் திரும்பியது.

"அமாரோ! இங்க வராதடா! மணல் பக்கம் போ!" என்று கத்தினேன். அலைச் சத்தத்தில் என் குரல் எடுபடவில்லை. பின்னால் யாரோ, "தோசிந்தா என்னமா நடிக்கிறா!" என்றார்கள்.

கையிலிருந்த விளக்கைப் பாறையில் அடித்து உடைத்தேன்.

"அடிப் பாவி! ஜெபம் முடியலடி! உன் மகன் படகுல இருக்கான்டி!" என்று செனெரோசா அலறினாள்.

"இருக்கான், அதான்டி அணைக்கிறேன்!" அவள் விளக்கைப் பிடுங்கிக் கடலில் எறிந்தேன். அடுத்தவளுடையதைக் காலால் உதைத்தேன். ஒருத்தி என் கையைக் கடித்தாள், இன்னொருத்தி தலைமயிரைப் பிடித்து இழுத்தாள். பதினொன்றும் அணையும்வரை நான் விடவில்லை.

இருட்டில் துடுப்புகள் நின்றன. "வெளிச்சம் எங்க போச்சு?" என்று வாத்தியார் கேட்டது காதில் விழுந்தது, அவ்வளவு பக்கத்தில் வந்திருந்தார்கள். அமாரோ திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். "ஐயோ, பாறை! பின்னால தள்ளுங்கடா!" என்று கத்தினான். ஏதோ உரசியது. பிறகு சத்தம் மெல்ல விலகி மணல்துறைப் பக்கம் போனது. படகு மணலில் ஏறியதும் அவன் என்னைக் கூப்பிட்டான். நான் அங்கேயே பாறையில் உட்கார்ந்துவிட்டேன்.

டோன்யா எலிசியா நாற்காலியை விட்டு எழுந்து என்னிடம் வந்தார்.

"அன்னைக்கும் இங்க இப்படித்தான் விளக்கு எரிஞ்சுதா?"

"எரிஞ்சுதும்மா."

"படகு வர்ற சத்தம் கேட்டுச்சா?"

செனெரோசா என் தோளை அழுத்தினாள். அந்தக் கையைத் தட்டிவிட்டேன்.

"கேட்டுச்சும்மா. எல்லாருக்குமே கேட்டுச்சு."

"அப்புறம் ஏம்மா ஒருத்திகூட அணைக்கல?"

"அன்னைக்குப் படகுல எங்க வீட்டு ஆம்பளைங்க யாரும் இல்லம்மா," என்றேன்.