ஓணான் அண்ணே வைத்த டப்பா

1

இந்தக் கதை எனக்கு பஸ்ஸில் கிடைத்தது. பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து திருமங்கலம் போகும் வண்டி. முன் சீட்டுப் பெண் போனில் தணிந்த குரலில் சொன்னாள்: "டப்பாவப் பாறைக்கு அடியில வச்சுட்டேன். அந்த மனுசன் வந்து எடுத்துக்குவாரு. அவருக்கு ஒண்ணுமே தெரியாது."

(தணிந்த குரல் என்றால் எங்கள் ஊர்த் தணிந்த குரல். டிரைவரே கண்ணாடியில் ஒருமுறை பார்த்தார்.)

இறங்கும்வரை காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்கப்புறம் அவள் பேசியது பூராவும் தோசை மாவு புளிக்காததைப் பற்றி. ஆகவே அந்த மூன்று வாக்கியங்கள் அவளுடையவை. மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: 'சித்திரை மாதம் கொலை நடந்த அன்று நாகமலையில் விடாமல் மழை பெய்து...'

வேண்டாம். சித்திரை மாதம் நாகமலையில் விடாத மழை என்று எழுதினால் உள்ளூர்க்காரர்கள் அந்த இடத்திலேயே படிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

இரண்டாம் தொடக்கம்: 'கடத்தல்காரி முத்துமீனா பாறைமேல் ஏறி நின்று, தன் கூந்தலை...'

கூந்தலை என்ன செய்தாள் என்று ஒரு மத்தியானம் முழுக்க யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை. பெயரை மட்டும் வைத்துக்கொண்டேன்.

மூன்றாவதை எழுதுமுன், பாறைக்கு அடியில் டப்பா வைக்கிறவர்கள் யார் யார் என்று போனில் தேடினேன். ஜியோகேச்சிங் என்று ஒரு விளையாட்டு இருக்கிறதாம். ஒருத்தர் ஒரு டப்பாவை எங்காவது ஒளித்துவைத்து, அந்த இடத்தைச் செயலியில் குறித்துவிடுவார். முன்பின் தெரியாத இன்னொருத்தர் போனைப் பார்த்துக்கொண்டே தேடிப் போய்க் கண்டுபிடிப்பார். உள்ளே இருக்கும் சாமானில் ஒன்றை எடுத்தால் பதிலுக்கு ஒன்றை வைக்க வேண்டும். பரிசெல்லாம் கிடையாது. வெயிலில் அலைந்த சந்தோசம்தான்.

என் கொலைக் கதை அங்கே செத்தது. நல்லதாகப் போயிற்று.

3

சிவபாண்டிக்குத் திருமங்கலத்தில் டூவீலர் சீட் கவர் கடை. ஊரில் பாதிப் பேர் அவன் தைத்த சீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவனும் உட்கார்ந்துதான் இருந்தான். சர்க்கரை ஏறிக்கொண்டே போனது. டாக்டர் ரோகிணி அவன் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணே, நீங்க நடக்கணும். இல்லேன்னா பின்னாடி இந்தக் காலு நமக்கு மிஞ்சாது."

(டாக்டர் ரோகிணியை நான் நம்பவில்லை. எந்த டாக்டர் நோயாளியை அண்ணே என்பார்? ஆனால் 'மிஸ்டர் சிவபாண்டி' என்று எழுதிப் பார்த்தேன். அவர் உடனே அமெரிக்காவுக்குக் குடிபோய்விட்டார். அந்த வரியை அடித்துவிட்டு அவரைக் கூட்டிவந்தேன்.)

வீட்டுக்கு வந்ததும் மனைவி முத்துமீனா கெஞ்சினாள், திட்டினாள், புது ஷூ வாங்கிக் கொடுத்தாள். அவன் ஷூவைப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்தான்.

"சும்மா எங்கிட்டு நடக்கச் சொல்ற? போறதுக்கு ஒரு காரணம் வேணாமா?"

கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுக்கிறவள் முத்துமீனா. காரணம்தானே வேணும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். 'ஓணான்' என்ற பெயரில் அந்தச் செயலியில் ஒரு கணக்கு தொடங்கினாள். கல்லுப்பட்டிப் பக்கத்துக் கரட்டுக் குன்று ஒன்றில் ஏறி, பிளாஸ்டிக் டப்பாவுக்குள் ஒரு விசிலையும் பொம்மை ஆட்டோவையும் போட்டு ஒளித்துவைத்தாள். வீட்டுக்கு வந்து, "ஏங்க, யாரோ இங்கன டப்பா ஒளிச்சு வைக்கிறாங்களாமே, நீங்க பாத்தீகளா?" என்று அவன் போனில் செயலியை இறக்கிக் கொடுத்தாள்.

மறுநாளே போனான். மூன்று இடத்தில் உட்கார்ந்து, இரண்டு இடத்தில் அவளைத் திட்டி, டப்பாவை எடுத்துவிட்டான். விசில் ஊதிக்கொண்டே வீட்டுக்குள் வந்தான்.

4

இங்கே ஒரு குரங்கு வருகிறது. நான் அழைக்கவில்லை. ஆனால் ஆள் ஓணானின் அடுத்த டப்பாவைத் தேடி அழகர்கோவில் பக்கம் போகிறான், குரங்கு இல்லாமல் எப்படி?

ஓணானுக்கு மரியாதை செய்ய சிவபாண்டி டப்பாவில் ஒரு பொட்டலம் காராச்சேவு வைத்தான்.* மூடுவதற்குள் குரங்கு டப்பாவைப் பிடித்தது. இவன் விடவில்லை. "ஏய், அது ஓணான் அண்ணனுக்கு!" என்று கத்தினான். குரங்குக்கு அந்த அண்ணனைத் தெரியவில்லை, பல்லைக் காட்டியது. டாக்டர் நடக்கத்தான் சொன்னார். அன்றைக்கு அவன் கோவில் வாசல் வரைக்கும் ஓடினான்.

* தான் தின்ன வாங்கியதில் மிச்சம். இதை முத்துமீனாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

5

சிவபாண்டி ஓணானுக்குச் செயலியில் எழுத ஆரம்பித்தான். ஓணான் ஓர் ஆண் என்று அவனே முடிவு செய்துகொண்டான்.

"ஓணான் அண்ணே, வணக்கம். நேத்து டப்பாவ எம்புட்டு அழகா ஒளிச்சிருக்கீக! உங்க மூளையே மூளை."

பன்னிரண்டு வருசக் குடும்பத்தில் தன் மூளையைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொன்னதில்லையே என்று முத்துமீனாவுக்கு ஆத்திரம். ஓணான் மேல் பொறாமையாக இருந்தது. ஓணான் தானேதான் என்பது நினைவுக்கு வந்ததும் ஆத்திரம் இன்னும் கூடியது.

ஒருநாள் அடுப்படியில் நின்றபடி இதைப் படித்தாள்:

"அண்ணே, வீட்ல மீனா கூட வாரேங்குறா. வேணாம்னுட்டேன். நான் மூச்சு வாங்குறதப் பாத்தா பயந்துருவா. எனக்கே பயமாத்தான் இருக்கு. அவகிட்டச் சொன்னா ராத்திரி தூங்க மாட்டா. உங்ககிட்டச் சொல்லலாமுல்ல?"

(இந்த இடத்தில் ஒரு நகைச்சுவை எழுதி வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன்.)

அவள் அடுப்பை அணைத்தாள். பிறகு ஓணானாக இருந்து எழுதினாள்: "சொல்லலாம் தம்பி. மெதுவா ஏறுங்க. உக்காந்து உக்காந்து ஏறுங்க. தப்பில்ல."

அன்றிலிருந்து அவள் டப்பாக்களைக் கொஞ்சம் கொஞ்சமாக உயரத்தில் வைத்தாள். அவனும் ஏறினான். சர்க்கரை இறங்கியது. இடுப்பில் பேண்ட் நிற்கவில்லை. எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது அவன் எழுதினான்:

"அண்ணே, உங்கள நேர்ல பாக்கணும். ஞாயித்துக்கிழமை காலையில நாகமலை உச்சியில இருப்பேன். நீங்க வரலேன்னா இந்த ஆட்டமே வேணாம்ணே. மொகம் காட்டாத மனுசனுக்காக எம்புட்டு நாள் மலையேறுறது?"

அவன் நின்றுவிட்டால் சர்க்கரை மறுபடி ஏறும். உண்மையைச் சொன்னால், ஓணானிடம் அழுததையெல்லாம் மனைவியிடம் அழுதிருக்கிறோம் என்று கூசிப்போவான். கடைசியில், "வாரேன்" என்று அனுப்பினாள்.

6

ஞாயிற்றுக்கிழமை. அவன் முன்னாடியே கிளம்பிவிட்டான். அவள் பின்னாலேயே வேறு பஸ் பிடித்து, மலையேறி, உச்சியில் வந்து நின்றபோது அவளால் பேசவே முடியவில்லை.

"மீனா! நீ எதுக்கு இங்க வந்த?" அவன் ஓடிவந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினான். "எனக்கே இப்பல்லாம் மூச்சு வாங்குறதில்ல. உனக்கு ஏன் இப்படி வாங்குது? இந்தா, குடி."

குடித்தாள். "ஏங்க, அந்த ஓணான்..." என்று ஆரம்பித்தாள்.

"அதான்! அண்ணே வர்ற நேரம். கூச்ச சுபாவம் அவருக்கு. பொம்பளையாளப் பாத்தா அப்படியே எறங்கிருவாரு. செத்த நேரம் அந்தப் பாறைக்குப் பின்னாடி உக்காரு தாயி, உனக்குப் புண்ணியமாப் போகும்."

(இங்கே அவள் உண்மையைச் சொல்வதாக ஒரு பக்கம் வசனம் எழுதினேன். அவள் ஒன்றுகூடச் சொல்லவில்லை. சிரிப்பு முட்டிக்கொண்டு வந்ததால் வாயைப் பொத்திக்கொண்டு பாறைக்குப் பின்னாலே போய்விட்டாள்.)

சிவபாண்டி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். தலையைக் கோதினான். போனை எடுத்து எழுதினான்: "அண்ணே, நான் வந்துட்டேன். நீங்க எங்க இருக்கீக?"

7

அவனுக்கு முதலிலேயே தெரியும், சும்மா நடித்தான் என்று முடித்தால் உங்களுக்குப் பிடிக்கும். அது பொய். சத்தியமாக அவனுக்குத் தெரியாது. மலைமேல் டவர் இல்லை, மெசேஜ் போகவில்லை என்று முடித்தால் எனக்குச் சுலபம். ஆனால் நாகமலைக்குக் கீழே ஊர்ப்பட்ட வீடுகள். டவர் கொழுகொழுவென்று இருக்கிறது.

ஒரு விசயத்தை முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். இப்போதுதான் ஞாபகம் வருகிறது. முத்துமீனாவின் போனில் மெசேஜ் வந்தால் சேவல் கூவும். அவன் பக்கத்தில் இருக்கும்போது சத்தத்தை அணைத்துவைப்பாள், இன்றைக்கு மறந்துவிட்டாள்.

அவன் அனுப்பிவிட்டான்.

பாறைக்குப் பின்னால் ஒரு சேவல் உயிர்போகிற மாதிரி கூவியது.

"இம்புட்டு உசரத்துல ஏது சேவல்?" என்றான் சிவபாண்டி. பிறகு கையிலிருந்த போனைப் பார்த்தான். பாறையைப் பார்த்தான். இன்னொரு மெசேஜ் அனுப்பினான், வெறும் புள்ளி மட்டும். சேவல் மறுபடியும் கூவியது.

இப்போது பாறையைச் சுற்றி வந்துகொண்டிருக்கிறான். முகத்தில் இருப்பது கோபமா, வெட்கமா, சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. நான் அவன் முதுகுப்பக்கம் நிற்கிறேன். அவளுக்கு நேர் எதிரே இருப்பது நீங்கள்தான். அவள் உங்களைத்தான் பார்க்கிறாள். என்ன சொல்லட்டும் என்று கேட்கிறாள்.

சட்டென்று ஏதாவது சொல்லுங்கள். அவன் வந்துவிட்டான்.