வடிவுக்கு ஒதுக்கிய ஒரு வரி

கட்டுரையின் பின்பாதி முழுவதும் குறுக்கே சிவப்புக் கோடு. சங்கவி இரண்டு தடவை புரட்டிப் பார்த்தாள். கோடு கொஞ்சங்கூட வளையவில்லை. ஸ்கேல் வைத்துப் போட்டிருக்கிறார் மனிதர்.

"முன்பாதி பிரமாதம்மா" என்றார் கிருஷ்ணமூர்த்தி. அந்தமானின் ரங்கத்துத் தமிழ் வாசகர் வட்டத்தின் செயலாளர் அவர்; சர்க்கார் வேலையாகத் தமிழ்நாட்டிலிருந்து வந்து பத்து வருஷமாகிறது. "ஜமீன்தார் மனசை உரிச்சு வெச்சிருக்கே. அதோட நிறுத்திக்க. நாளைக்குக் காலை பஸ்ல நம்ம ஆண்டு மலர் அச்சுக்குப் போகுது."

ஞாயிற்றுக்கிழமை, கோயில் மண்டபம், பத்துப் பன்னிரண்டு பேர். அந்த மாதம் பேச எடுத்திருந்தது நூறு வயதை நெருங்கும் ஒரு தடிமனான நாவல். அதில் ஒரு ஜமீன்தார். குடியானவன் நிலத்தைப் பிடுங்குவார், பிறகு கோயிலில் உட்கார்ந்து உருகுவார். சமையல்காரி வடிவுக்குத் தன்னால் பிறந்த குழந்தையைத் தன்னுடையது என்று சொல்லமாட்டார். அது ஜுரத்தில் மருந்தில்லாமல் செத்ததும் குளக்கரைக்குப் போய் அழுவார், பதினோரு பக்கத்துக்கு. வடிவு அரளி விதையை அரைத்து அவர் பாலில் கலப்பாள். எல்லோரையும் மன்னித்துவிட்டு அவர் சாவார். கடைசி அத்தியாயத்தில் ஒரு வரி வரும்: 'வடிவு தீவாந்தரம் அனுப்பப்பட்டாள்.' அடுத்த வரியில் ஜமீன்தார் மகனுக்குக் கல்யாணம்.

"என்ன ஒரு சிக்கலான பாத்திரம்!" ஹார்டுவேர் கடை பாலகுமார் தொடையில் தட்டினார். "நல்லவன்னும் சொல்ல முடியல, கெட்டவன்னும் சொல்ல முடியல."

சங்கவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவர் செஞ்சா சிக்கல், அவ செஞ்சா குத்தமா அண்ணே? குழந்தையைப் பெத்தவ அழுதாளான்னு ஒரு வரி உண்டா அந்தப் புஸ்தகத்துல?"

"விஷம் வெச்சவளுக்குப் பதினோரு பக்கமா கேக்கிறே?" என்றார் பாலகுமார். மண்டபம் சிரித்தது.

"நீங்க உக்காந்திருக்கிற இடம் எதுன்னு தெரியுதா? தீவாந்தரம்னு அந்த நாவல்காரர் எழுதினது இதைத்தான். அவருக்குக் கதை முடியற இடத்துல நீங்க கடை வெச்சு ஆணி விக்கறீங்க."

சிரிப்பு நின்றது. பாலகுமார் தன் காலடித் தரையை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

கிருஷ்ணமூர்த்தி அவளைத் தனியே கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தினார். "கோடு போட்டது அதுக்கில்லம்மா. பின்பாதியில உங்க வீட்டு விஷயம் வருது. கான்ட்ராக்ட் வேலைக்கு வந்த குடும்பம்னுதான் உங்கம்மா எல்லார்கிட்டயும் சொல்லியிருக்காங்க. நீ எழுதினது அவங்களுக்குத் தெரியுமா?"

சங்கவி தாள்களைச் சுருட்டினாள்.

"அவங்க சரின்னா ஒரு எழுத்துக் குறையாம போடறேன்."

நியாயம் பேசுகிறவர்மேல் கோபப்படுவது கஷ்டம். அவள் எப்படியோ பட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தாள்.

அம்மா பேச்சியம்மா பின்கட்டில் சூரை மீன் நறுக்கிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு சமைப்பவள். எட்டாவது வரை இந்தியில் படித்தவள். தமிழ் பேசுவாளே தவிர ஓர் எழுத்து படிக்கத் தெரியாது. வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் சங்கவிதான். அதனால்தான் அம்மாவுக்குத் தெரியாமல் அம்மாவைப் பற்றியே எழுத முடிந்தது. இந்த நினைப்பு இப்போதுதான் உறைத்தது.

"மலர்ல வரப்போகுது. படிக்கறேன், கேளு" என்று முன்பாதியைத் தொடங்கினாள்.

இரண்டு பக்கம் தாண்டியதும் பேச்சியம்மா, "அரே, பூரா அவனைப் பத்தியேவா?" என்றாள். வடிவு பாலில் விஷம் கலக்கும் இடத்தில், "அச்சா" என்று மட்டும் சொன்னாள். பிறகு, "தீவாந்தரம்னா?"

"காலாபானி."

அரிவாள்மனையில் கை நின்றது. "இங்கயா வந்தா? அப்ப பொழச்சுட்டா! எந்தக் கப்பல்? கூட யாரு வந்தா?"

"அதெல்லாம் அவர் எழுதலைம்மா."

"இறக்கி விட்டுட்டுப் போயிட்டானா, ஆட்டோக்காரன் மாதிரி?"

சங்கவி சிரித்துவிட்டாள். சிரித்த வேகத்திலேயே பின்பாதியையும் படித்தாள்: 'என் அம்மாவின் பாட்டிக்குப் பாட்டி ஒருத்தி இந்தத் தீவுக்கு வந்தது கான்ட்ராக்ட் வேலைக்கு அல்ல. புருஷனைக் கொன்றதாகக் காகிதம் சொன்னது. ஏன் என்று அவளை யாரும் கேட்கவில்லை.'

பேச்சியம்மா எழுந்துவிட்டாள். கையில் செதில் ஒட்டியிருந்தது. "யாரைக் கேட்டு எழுதினே?"

"உண்மைதானேம்மா?"

"உண்மைதான். ஆனா என்னோடது. உன்கிட்ட ஒரே ஒரு தடவை சொன்னேன், வீட்டுக்குள்ள. நாளைக்கு ஸ்கூல்ல நான் கரண்டி பிடிக்கணும்டி. அந்த வடிவும் சமையல்காரி, நானும் சமையல்காரி. டீச்சருங்க சாம்பாரை மோந்து பாத்துட்டுத்தான் ஊத்திக்குவாங்க."

இது சங்கவிக்குத் தோன்றவே இல்லை. ஆறு பக்கம் எழுதும்போது ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை.

"எழுதறதுதான் எழுதினே, ஒழுங்காவாவது எழுதினியா? அந்த ஜமீன்தார் ராஸ்கலுக்கு நாலு பக்கம். எங்க ஆளு 'ஒருத்தி'யா? ஒருத்தியாம்! அந்த எழுத்துக்காரனாவது வடிவுன்னு ஒரு பேரு வெச்சான்."

சங்கவி கையிலிருந்த தாள்களைப் பார்த்தாள். நாலு பக்கம்தான். ஜமீன்தார் கண்ணீரை இவளும்தான் அளந்து அளந்து எழுதியிருக்கிறாள், பாலகுமாரைப் போலவே வாயைப் பிளந்துகொண்டு. மண்டபத்தில் அத்தனை கத்துக் கத்தியவள், தன் வீட்டுப் பாட்டியின் பெயரை இதுவரை கேட்டதே இல்லை.

"பேர் என்னம்மா?"

பேச்சியம்மா திரும்ப உட்கார்ந்தாள். மீனைக் கழுவினாள், மஞ்சள் தடவினாள், சட்டியை மூடினாள். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, "தங்கம்மா" என்றாள்.

"வேற என்ன தெரியும்?"

"எத்துப் பல்லு. நம்ம வீட்ல யாருக்கு எத்துப் பல்லு வந்தாலும் தங்கம்மா பல்லும்பாங்க. உனக்கும் இருந்துச்சு, கிளிப் மாட்டி நேராக்கிட்டே. கோபம் வந்தா ரெண்டு நாள் சோறு திங்கமாட்டாளாம். இங்க வந்து இன்னொரு கைதியைக் கட்டிக்கிட்டா. அவனையும் அடிப்பாளாம்."

"நல்லவளா, கெட்டவளா?"

"எனக்கு மாலூம் இல்ல. ஏன் கொன்னான்னும் தெரியாது. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி எழுதாத. தெய்வம் ஆக்கிடாத அவளை."

"அப்ப எழுதலாமா?"

"நான் அப்படிச் சொல்லல" என்று உள்ளே போய்விட்டாள் பேச்சியம்மா.

விளக்குப் போட்டபின் சங்கவி புதுத் தாள் எடுத்தாள். பல்லை எழுதினாள், பட்டினியை எழுதினாள், தெரியாது என்பதைத் தெரியாது என்றே எழுதினாள். தங்கம்மாவுக்கு ஐந்து பக்கம் வந்தது. ஜமீன்தாருக்கு ஒரு வரி: 'ஜமீன்தார் இறந்தார்.' அதை எழுதும்போது அவளுக்கு இருந்த திருப்தி பரீட்சையில் பாஸான அன்றைக்குக்கூட இருந்ததில்லை. சாப்பிட்டு முடித்து அம்மாவுக்குப் படித்துக் காட்டினாள். பேச்சியம்மா கேட்டுவிட்டு, பாயை விரித்துப் படுத்துக்கொண்டாள். அது சரியா, வேண்டாமா? சங்கவிக்குப் புரியவில்லை. வேண்டாம் என்றால் கிழித்துவிடுவது என்று முடிவு செய்து படுத்தாள். அந்த முடிவு அவளுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

காலையில் பஸ் ஸ்டாண்டில் கிருஷ்ணமூர்த்தி மலருக்கான கட்டோடு நின்றிருந்தார். சங்கவி தாள்களை நீட்டவில்லை. மடித்துக் கையிலேயே வைத்திருந்தாள். பின்னாலேயே பேச்சியம்மா வந்தாள், பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய சேலையில். வருவதாக அவள் சொல்லவே இல்லை.

கிருஷ்ணமூர்த்தி கும்பிட்டார். "பொண்ணு சொல்லியிருப்பா. உங்களுக்குச் சம்மதமா?"

"சம்மதம் எல்லாம் இல்ல சார். இவகிட்ட எனக்கு இன்னும் சண்டை பாக்கி இருக்கு." பேச்சியம்மா மகளின் கையிலிருந்து தாளை உருவினாள். "ஆனா இதுல ஒரு தப்பு இருக்கு. ரெண்டாவது புருஷனைக் கட்டையால அடிச்சான்னு எழுதியிருக்கா. கட்டை இல்ல, துடைப்பம். அதைத் திருத்திட்டு அனுப்புங்க."

டிரைவர் ஹாரன் அடித்தார். கிருஷ்ணமூர்த்தி தாளை முழங்காலில் வைத்து அவசரமாகத் திருத்தினார். "ஸ்கூல்ல யாராவது ஏதாவது கேட்டாங்கன்னா...?"

"கேப்பாங்க" என்றாள் பேச்சியம்மா.

பஸ் கிளம்பியது. பள்ளிக்கூடம் திரும்பும் முக்குவரை அம்மாவும் மகளும் ஒன்றாக நடந்தார்கள். அங்கிருந்து பேச்சியம்மா மகளைத் திரும்பிப் பார்க்காமல் பள்ளிக்கூடத்துக்குப் போனாள்.